குழியும் சதுர அடியும்: தமிழகத்தில் வீட்டு விலை ஊருக்கு ஊர் வேறாவது ஏன்?

என் பெரியப்பா மகன் 2011இல் மன்னார்குடிப் பக்கம் ஒரு மா நன்செய்யை விற்றார். டெல்டாக் கணக்கில் ஒரு மா என்பது நூறு குழி. ஒரு குழி 144 சதுர அடி. ஆக, விற்றது 14,400 சதுர அடி. இரண்டு போகம் விளைந்த மண். அந்தப் பணம் குரோம்பேட்டையில் இரண்டாவது மாடியில் இருந்த 720 சதுர அடி பிளாட்டுக்கு முன்பணமாகப் போயிற்று. மீதிக்கு வங்கிக் கடன். பத்திரம் கைக்கு வந்த அன்று இரவு அதை வரிவரியாகப் படித்தார். அந்த பிளாட்டோடு அவர் பெயருக்கு வந்த நிலம், அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு, 310 சதுர அடி. "நூறு குழியைக் கொடுத்து ரெண்டு குழி வாங்கியிருக்கேன்டா. அதுக்கும் இருபது வருசம் கடன்" என்றார். அந்தக் கணக்கு அன்றிலிருந்து என்னை விடவில்லை.

மன்னார்குடிக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே சுமார் முந்நூறு கிலோமீட்டர். ஒரே மாநிலம், ஒரே பதிவுத் துறை, கடையில் விற்கும் சிமெண்டும் ஒன்றே. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? இனி அது விரியுமா, சுருங்குமா? எனக்குத் தெளிவானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு விலை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வீட்டின் விலையே அல்ல, இடத்தின் விலை. அந்த இடத்தின் விலையிலும் ஒரு பங்கு இன்றைய பயனுக்கு, இன்னொரு பங்கு நாளை ஏறும் என்ற நம்பிக்கைக்கு. ஊருக்கு ஊர் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுவது இந்த இரண்டாவது பங்குதான். அந்த நம்பிக்கையை விதைப்பது பெரும்பாலும் பொதுப்பணம்: சாலை, ரயில், குடிநீர்க் குழாய், ஓர் அரசாணை.

அளவையிலேயே வட்டார வேறுபாடு தொடங்கிவிடுகிறது. சென்னையில் மனை என்றால் கிரவுண்டு, 2,400 சதுர அடி. பிளாட் என்றால் சதுர அடி. கோயம்புத்தூரில் நகரின் நடுவிலேயே "செண்ட் என்ன விலை?" என்றுதான் கேட்பார்கள். ஒரு செண்ட் 435.6 சதுர அடி, நூறு செண்ட் ஓர் ஏக்கர். தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரத்தில் குழியும் மாவும். எந்த அளவையில் விலை பேசுகிறார்களோ, அந்த ஊர் தன் மண்ணை என்னவாகப் பார்க்கிறது என்பது அதில் இருக்கிறது. குழியில் பேசும் ஊரில் நிலம் இன்னும் வயல். சதுர அடியில் பேசத் தொடங்கிய நாளில் அது மனை. ஒரு வட்டாரத்தில் தரகர்கள் ஏக்கரை விட்டு செண்டுக்கும், செண்டை விட்டுச் சதுர அடிக்கும் மாறும் நேரத்தில்தான் விலை பாய்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் பல ஊர்களில் இந்த மாற்றம் ஒரு தலைமுறைக்குள் நடந்து முடிந்துவிட்டது.

கட்டுமானச் செலவை எடுத்துக்கொள்வோம். சிமெண்ட், கம்பி, எம்சாண்ட், கொத்தனார் கூலி எல்லாம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனாலும் நடுத்தரத் தரத்தில் வீடு கட்டித்தரும் ஒப்பந்தக்காரர் மதுரையில் சொல்வதும் மடிப்பாக்கத்தில் சொல்வதும் சதுர அடிக்குச் சில நூறு ரூபாய்க்குள்தான் வித்தியாசப்படும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குப் பேச்சுக்கு 25 லட்சம் என்று வையுங்கள். அதே வீடு ஓர் ஊரில் 40 லட்சத்துக்கும் இன்னோர் ஊரில் ஒன்றரைக் கோடிக்கும் விற்கிறது என்றால், அந்த இடைவெளியில் ஒரு செங்கல்கூட இல்லை. முழுக்க மண். கட்டடமோ ஆண்டுக்கு ஆண்டு பழசாகிறது. நாற்பது ஆண்டான கட்டடத்துக்கு யாரும் விலை பேசுவதில்லை, அதன் அடியிலிருக்கும் மனைக்குத்தான் பேசுகிறார்கள்.

பிளாட் வாங்குபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. மூன்று மாடி, ஆறு வீடு உள்ள பழைய அடுக்ககத்தில் ஆளுக்கு ஐந்நூறு, அறுநூறு சதுர அடி மனைப் பங்கு இருக்கும். இருபது மாடிக் கோபுரத்தில் அதே அளவு வீட்டுக்கு அதில் பாதிகூட வராது. தொடக்கத்தில் இரண்டும் ஒரே விலைக்கு விற்கலாம். நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இருப்பதால் கோபுர வீடு கூடுதலாகவே விற்கலாம். இருபது ஆண்டு கழித்து ஏறப்போவது மனையின் விலைதான். தி.நகரிலும் அண்ணா நகரிலும் பழைய அடுக்ககங்களை இடித்துப் புதிதாகக் கட்டும் வேகத்துக்கு இதுதான் காரணம். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2ஆக உயர்த்தின. உயர் கட்டடங்களுக்கு 3.25 வரை இடம் தந்தன. அதே மனையில் கூடுதலாகக் கட்டலாம் என்றானதும் மனையின் விலை தானே ஏறியது. 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த அடுக்கக உடைமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானம் செய்யலாம் என்றது. ஒருவர் கையெழுத்துக்காக நின்றுகிடந்த கட்டடங்களுக்கு அதனால் வழி பிறந்தது. கோட்டையிலிருந்து வந்த சில தாள்கள் பழைய வீட்டுக்காரர்களைக் கோடீஸ்வரர்கள் ஆக்கின. அதே தெருக்களில் வாடகைக்கு இருந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சென்னையின் இன்றைய விலை வரைபடத்தை வரைந்தவை நேற்றைய ஏரிகள். 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து உருவானது தியாகராய நகர். வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடமும் ஏரிதான். அரசே ஏரியை மனையாக்கியது; சாலை, பூங்கா, குழாய் எல்லாம் போட்டுக் கொடுத்தது. நூறு ஆண்டு கழித்து அது மாநிலத்தின் மிக விலை உயர்ந்த மண்ணில் ஒன்று. அண்ணா நகரும் அப்படியே. 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வீட்டு வசதி வாரியம் ஒழுங்காக மனை பிரித்து, அகலச் சாலைகள் விட்டதால் வந்த மதிப்பு அது. திட்டமிட்டு அகலமாக விடப்பட்ட சாலை அரை நூற்றாண்டுக்குப் பிறகும் விலையாகத் திரும்பி வருகிறது.

திட்டமில்லாமல் நிரம்பிய ஏரிகளின் கதை வேறு. வேளச்சேரி, முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம் என்ற பெயர்களை 2015 டிசம்பருக்குப் பிறகு யாரும் மறக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் அதே தெருக்களில் படகு போயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் போன பிறகு, மிஞ்சியது 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெள்ளம் வந்த ஆண்டில் அங்கே விலை தளர்கிறது, வாங்குவோர் விசாரிப்பது குறைகிறது. இரண்டு கோடை கழிந்தால் மறதி வேலை செய்கிறது, விலை பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சந்தை எல்லாம் அறியும் என்று பொருளியலில் சொல்வதை நான் ஏற்க முடியாத இடம் இதுதான். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்ற அடையாளத்தை விற்பவர் வெள்ளையடித்து மறைத்துவிடுகிறார். வாங்குபவருக்குத் தெரிவதேயில்லை.

தண்ணீர் இன்னொரு வகையிலும் விலைக்குள் வருகிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா, பிறகு சிறுசேரி, 2008வாக்கில் ஆறுவழிச் சாலை. வீடுகள் முளைத்த வேகத்துக்குக் குடிநீர்க் குழாய் போகவில்லை. பல அடுக்ககங்கள் ஆண்டு முழுக்க லாரித் தண்ணீரில் வாழ்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அந்தச் சாலையில் ஒரு லோடு தண்ணீருக்காகக் குடியிருப்புச் சங்கங்கள் காத்துக் கிடந்தன. மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில் தண்ணீருக்குப் போகும் தொகையைக் கூட்டிப் பார்த்தால், விளம்பரத்தில் சொல்லும் "சதுர அடி விலை" பொய்யாகிவிடுகிறது. அந்தத் தொகையைக் கடன் தவணையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், தண்ணீர் வசதியுள்ள பகுதியில் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவது பல சமயம் மலிவு.

வடசென்னைக்கு வருவோம். கடற்கரை உண்டு, துறைமுகம் உண்டு, 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ உண்டு. பாரிமுனையிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டால் திருவொற்றியூர், தாம்பரத்தைவிட மிகப் பக்கம். ஆனாலும் தென்சென்னையின் விலை அங்கே இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, சாம்பல் கலந்த கழிமுகம். 2023 டிசம்பரில் மட்டும் எண்ணெய்க் கசிவு ஒன்று, அம்மோனியா வாயுக் கசிவு ஒன்று. நகரம் முழுமைக்குமான மின்சாரத்தின் விலையை அங்குள்ளவர்கள் தங்கள் நுரையீரலாலும் தங்கள் மனையின் குறைந்த மதிப்பாலும் செலுத்துகிறார்கள். வட்டார விலை வேறுபாடு என்று தாளில் எழுதும்போது இது ஓர் எண். அங்கே வீடு வைத்திருப்பவருக்கோ, மகளின் கல்லூரிக்கு அடமானம் வைத்தால் குறைவாகக் கிடைக்கும் தொகை.

சாதியையும் மதத்தையும் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமை பெறாது. "சைவம் மட்டும்" என்ற பலகை சென்னையில் எதைக் குறிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வாடகைக்கே வீடு மறுக்கப்படும் தெருவில் விலைக்கு எப்படிக் கிடைக்கும்? கேட்பவர்களில் ஒரு பகுதியை வாசலிலேயே திருப்பி அனுப்புவதால், அவர்கள் செல்லக்கூடிய சில பகுதிகளில் நெருக்கடி கூடி வாடகை ஏறுகிறது. இன்னொரு பக்கம் பஞ்சமி நிலம். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆங்கில அரசு ஒதுக்கிய, பிற சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்று விதியிட்ட நிலங்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏராளம். அவற்றில் எத்தனையோ கைமாறி மனைகளாகிவிட்டன. சுற்றுவட்டாரத்தைவிட மனை மலிவாக வருகிறதே என்று மகிழ்பவர், அந்த மலிவுக்குப் பின்னால் யாருடைய இழப்பு இருக்கிறது என்று மூலப் பத்திரம் வரை போய்ப் பார்க்க வேண்டும்.

விலையை எப்படி அளக்கிறோம் என்பது தனிச் சிக்கல். ரிசர்வ் வங்கி வெளியிட்டுவந்த வீட்டு விலைக் குறியீட்டில் நீண்ட காலம் பத்து நகரங்கள்தான் இருந்தன. தமிழகத்திலிருந்து சென்னை மட்டுமே. அது பத்திரப்பதிவில் காட்டப்படும் மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. நம் ஊரில் பதிவு மதிப்பு எது என்று நமக்குத் தெரியும். அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டிப் பத்திரம், மீதி கையில். 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. அதே வேளையில் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4ஆக உயர்த்தியது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தது. இப்படி அரசாணையால் ஏறி இறங்கும் எண்ணை வைத்துச் சந்தை ஏறியது, இறங்கியது என்று சொல்ல முடியாது. தேசிய வீட்டு வசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீடு, கடன் கொடுக்கும்போது வங்கிகள் செய்யும் மதிப்பீட்டைக் கொண்டு போடப்படுகிறது. அதில் கோயம்புத்தூரும் உண்டு. அது ஓரளவு நம்பத் தக்கது. ஆனால் கடன் வாங்காமல் ரொக்கத்தில் கைமாறும் மனை அதிலும் வராது. நம் சிறு நகரங்களில் பெரும்பாலான மனைகள் அப்படித்தான் கைமாறுகின்றன.

எனக்கு நம்பிக்கை தரும் அளவுகோல் வாடகை. வாடகையை யாரும் பத்து ஆண்டு கழித்து ஏறும் என்று நம்பிக் கொடுப்பதில்லை. இந்த மாதம் இந்த வீடு என்ன பயன் தருகிறதோ அதற்குக் கொடுக்கிறார்கள். 60 லட்ச ரூபாய் பிளாட்டுக்கு மாதம் 15,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 1,80,000, அதாவது 3 சதவீதம். அந்த வீட்டை வாங்கக் கடன் வட்டி எட்டரை சதவீதம் என்று வையுங்கள். மீதி ஐந்தரைச் சதவீதம் ஆண்டுதோறும் விலை ஏற்றத்தில் வந்தாக வேண்டும், இல்லையென்றால் வாங்கியவருக்கு நட்டம். நான் சொன்ன நம்பிக்கைப் பங்கு இதுதான். வாடகைக்கும் விலைக்கும் இடைவெளி எங்கே அகலமோ, அங்கே நம்பிக்கை அதிகம் விலை போயிருக்கிறது என்று பொருள். தனி மனையில் கட்டிய வீடுகளில் இந்த வாடகை விகிதம் இன்னும் குறைவு. இரண்டைத் தாண்டாத வீடுகள் நிறைய.

மதுரை, திருச்சிப் பக்கம் ஒத்தி முறை இதைக் கண்ணாடிபோலக் காட்டும். ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலிசெய்யும்போது தொகையை முழுதாகத் திரும்பப் பெறுவது. ஆறு லட்சம் ஒத்தி என்றால், அந்தப் பணத்துக்கு எட்டு சதவீத வட்டி போட்டால் மாதம் நாலாயிரம் ரூபாய். அந்த வீட்டின் உண்மையான மாதப் பயன் அவ்வளவுதான் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதே வீட்டை விலைக்குக் கேட்டால் ஒத்தித் தொகையைப் போலப் பத்து மடங்கு சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒத்திக்கும் கிரயத்துக்கும் நடுவே உள்ள அந்தத் தூரம், அந்தத் தெருவின் எதிர்காலத்தைப் பற்றி ஊரார் வைத்திருக்கும் கணிப்பு. புதிதாக ஓர் ஊரில் வீடு வாங்க நினைப்பவர் தரகரிடம் விலை கேட்கும் முன் ஒத்தி விசாரிப்பது நல்லது.

விலை எப்போதும் ஏறிக்கொண்டேதான் இருந்தது என்பது பலருடைய நம்பிக்கை. அது சரியல்ல. 2003 தொடங்கிச் சுமார் பத்தாண்டு சென்னையில் விலை பலமடங்கானது உண்மை. அதற்குப் பிறகு 2014 முதல் 2020 வரை பல பகுதிகளில் விலை அசையவே இல்லை. 2015 வெள்ளம், 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லா மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் போட்ட தடை, அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017இல் கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டமும் ஜிஎஸ்டி வரியும். ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விலை இறங்கவில்லை, நின்றது. ஆனால் ஆண்டுக்கு ஐந்து சதவீதம் பணவீக்கம் இருக்கும்போது ஆறாண்டு நின்ற விலை உண்மையில் கால்பங்கு இறங்கிய விலை. 2014இல் உச்சத்தில் வாங்கி 2020இல் விற்க நேர்ந்தவர்கள் கட்டிய வட்டியைக்கூட எடுக்க முடியவில்லை. நம் ஊரில் விலை விழும்போது சத்தம் கேட்காது. விற்பவர் விலையைக் குறைக்க மாட்டார், காத்திருப்பார். வீழ்ச்சி காலத்தின் வடிவில் வருகிறது.

வட்டி விகிதத்தின் கதை சுருக்கமானது, ஆனால் கனமானது. 2020 மே மாதம் ரெப்போ விகிதம் 4 சதவீதம். வீட்டுக் கடன் ஆறரை, ஏழு சதவீதத்துக்குக் கிடைத்தது. 2022 மே முதல் ஏறி 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.5 ஆனது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் 5.5க்கு இறங்கியது. 40 லட்சம் கடன், இருபது ஆண்டு என்றால் ஆறரை சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 29,800. ஒன்பது சதவீதத்தில் சுமார் 36,000. அதே 29,800 ரூபாயைத்தான் கட்ட முடியும் என்பவருக்கு ஒன்பது சதவீதத்தில் 33 லட்சம்தான் கடனாகக் கிடைக்கும். வட்டி குறையும்போது ஏழு லட்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. அது வாங்குபவர் கையில் தங்குவதில்லை, மனைக்காரர் விலையை ஏற்றி அதை எடுத்துக்கொள்கிறார். கடனில் வாங்கும் நகரங்களில்தான் இந்த ஏற்றம் நடக்கும். ரொக்கத்தில் வாங்கும் ஊர்களை வட்டி அவ்வளவாகத் தொடாது. அதனால் வட்டி குறையும் ஒவ்வொரு முறையும் சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் இடைவெளி கொஞ்சம் அகலுகிறது.

இனி ஏற்றம் எங்கே என்ற கேள்வி. இங்கிலாந்தில் விலையேற்றம் லண்டனில் தொடங்கி அலைபோல மற்ற வட்டாரங்களுக்குப் பரவும் என்று நீண்டகாலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழகத்தில் அலை வட்டமாகப் பரவுவதில்லை, நெடுஞ்சாலையோடு ஓடுகிறது. தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று ஜிஎஸ்டி சாலையில் அது ஊர் ஊராக இறங்கியதை நாம் பார்த்தோம். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது அதற்கு இன்னொரு தள்ளு கொடுத்தது. 118 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மெட்ரோ இரண்டாம் கட்டம் மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரியைத் தொடும்போது அலையின் திசை மாறும். ஆனால் ஏற்றத்தின் பெரும்பகுதி ரயில் ஓடும் நாளில் வருவதில்லை, அறிவிப்பு வந்த நாளிலேயே வந்துவிடுகிறது. ரயில் ஓடும்போது வாங்குபவர் அந்த விலையை முழுதாகக் கொடுத்துத்தான் வாங்குகிறார். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பணி 2008இல் தொடங்கிப் பதினைந்து ஆண்டு கடந்தும் முடியாமல் இழுத்தது. அந்த நம்பிக்கையில் அப்போதே விலை கொடுத்தவர்கள் அத்தனை ஆண்டும் வட்டி கட்டினார்கள். மதுரைக்கு அருகே தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதும் சுற்றிலும் மனைப் பலகைகள் நட்டார்கள். மருத்துவமனைக்கு முந்தி மனைகள் விற்றுத் தீர்ந்தன.

பரந்தூரில் 2022இல் விமான நிலையம் அறிவித்தபோது இதன் கொடிய முகம் தெரிந்தது. எடுக்கப்படும் நிலம் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிலம் வைத்திருப்பவருக்கு அதிர்ஷ்டம். உள்ளே இருக்கும் ஏகனாபுரத்தாருக்கு வீடும் ஏரியும் வயலும் போகும். ஒரே அறிவிப்பு, வரப்புக்கு இந்தப் பக்கம் ஏற்றம், அந்தப் பக்கம் இழப்பு. பொதுப்பணம் உண்டாக்கும் ஏற்றத்தில் ஒரு பங்கைப் பொதுக்கணக்குக்குத் திருப்பி, அதைக் கொண்டு இழப்பவர்களுக்கு நியாயமாகக் கொடுக்கும் வழியை நாம் இன்னும் சரியாக அமைக்கவில்லை. இதைவிட அவசரமான நிலக் கொள்கை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஓசூரை மாநில எல்லைக்குள் வைத்துப் பார்த்தால் புரியாது. அது பெங்களூரின் அலை. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவருக்கு பெங்களூரின் பல புறநகர்களைவிட ஓசூர் பக்கம். 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. உள்ளூரிலும் டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்ற பழைய தொழிற்சாலைகளோடு டாடா எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்திருக்கிறது. வேலை இரு பக்கத்திலிருந்தும் வருகிற ஊர் தமிழகத்தில் வேறு இல்லை. அடுத்த பத்தாண்டில் சதவீதக் கணக்கில் சென்னையைவிட ஓசூர் வேகமாக ஏறும் என்பது என் கணிப்பு. தண்ணீர் மட்டும் அதைத் தடுக்கலாம்.

கோயம்புத்தூர் நிதானமான ஊர். மூடிய பஞ்சாலைகளின் பெரிய வளாகங்கள் நகரின் நடுவிலேயே சந்தைக்கு வந்ததால் மற்ற ஊர்களுக்கு இல்லாத இட வசதி அதற்குக் கிடைத்தது. சரவணம்பட்டிப் பக்கம் கணினி வேலை, தொழில் குடும்பங்களின் சொந்தப் பணம், சிறுவாணித் தண்ணீர், ஓய்வுபெற்றவர்களை இழுக்கும் தட்பவெப்பம். கடனை நம்பாத பணம் அதிகம் என்பதால் ஏற்றமும் இறக்கமும் மெதுவாகவே வரும். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி தும்மினால் மனைக்குச் சளி பிடிக்கும். அமெரிக்க வரியும் பருத்தி நூல் விலையும் அங்கே வீட்டு விலைக் காரணிகள்.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டட உயரம் ஒன்பது மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேலே கட்ட முடியாத ஊர் பக்கவாட்டில் வளர்கிறது. திருச்சியின் திருவரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவு. எத்தனை பேர் ஓய்வுக்காலத்தை அரங்கன் காலடியில் கழிக்க வந்தாலும் மண் அவ்வளவுதான். திருச்சியின் மற்ற பகுதிகளுக்கும் அதற்கும் உள்ள விலை வேறுபாட்டில் ஆற்றின் கரை தெளிவாகத் தெரியும்.

இவற்றை எல்லாம்விட நான் கவலையோடு பார்ப்பது மக்கள்தொகையை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் 48 சதவீதத்துக்கு மேல் நகரவாசிகள். குழந்தைப் பிறப்பு ஈடுசெய்யும் அளவுக்குக் கீழே போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போதைக்கு குடும்பங்கள் சிறிதாகிப் பிரிவதால் வீட்டுத் தேவை குறையவில்லை. இருபது, முப்பது ஆண்டில் நிலைமை வேறாகும். ஜப்பானில் 1991வாக்கில் உச்சம் தொட்ட நில விலை இறங்கத் தொடங்கிப் பல ஆண்டு இறங்கியது. 2023 கணக்கெடுப்பில் அங்கே ஆளில்லா வீடுகள் சுமார் 90 லட்சம். டோக்கியோ ஏறுகிறது, கிராமங்களில் வீட்டைச் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை. நம் ஊரில் காரைக்குடியைப் பாருங்கள். பர்மா தேக்கும் இத்தாலிய மார்பிளும் போட்டுக் கட்டிய செட்டிநாட்டு வீடுகள் பங்காளிகளுக்குள் பங்கு பிரிந்து, பார்க்க ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. நின்ற வீட்டைவிடக் கழற்றிய தூணுக்கும் கதவுக்கும் பழம்பொருள் கடையில் விலை அதிகம் என்பதால் இடிபட்டவை பல. டெல்டாவிலும் தென்மாவட்டக் கிராமங்களிலும் பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போன தெருக்களில் இதே பாதை தெரிகிறது. நகரத்துக்கும் ஊர்ப்பக்கத்துக்கும் உள்ள இந்த விலை இடைவெளி இனிச் சுருங்கும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. வேலை ஊர்ப்பக்கம் வந்தால் ஒழிய விரியத்தான் செய்யும்.

அண்ணனுக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டுத் தவணை பாக்கி. குரோம்பேட்டை பிளாட்டின் மதிப்பு ஏறியிருக்கிறது. ஆனால் அவர் மகனுக்கு அதே தெருவில் ஒரு வீடு வாங்கும் வழி இல்லை. மீதம் இருக்கும் இரண்டு மாவையும் விற்றுத் தருகிறேன் என்றார். பையன் ஊருக்குப் போய் விலை விசாரித்துவிட்டு வந்து, வேண்டாம் என்றுவிட்டான். போன தை மாதம் நானும் அவனோடு போயிருந்தேன். 2011இல் எங்களிடம் வாங்கியவர் அந்த ஒரு மாவில் இன்னும் நெல்தான் போடுகிறார். அறுவடை ஆகிக்கொண்டிருந்தது.